டெங்கு நோயாளிக்குப் பிளேட்லெட் கேட்டு வரும் செய்திகள்: ஆள் திரட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கொட்டாஞ்சேனை_குருதிக்கொடை:

மழை விட்டு இரண்டு கிழமை போனதும் எங்கள் குருதிக்கொடை வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரே அச்சில் வார்த்த செய்திகள் வரத் தொடங்கிவிடுகின்றன. "டெங்கு. பிளேட்லெட் 34,000. ஓ பொசிட்டிவ் அவசரம். உடனே அழைக்கவும்." வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி வரை ஆட்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் பல தடவை ஆள் போய்ச் சேர்ந்த பிறகு "தேவையில்லை" என்று திரும்பி வருகிறார்கள்.

குழுமத்தின் மேலே ஒட்டிவைக்க ஒரு சின்னச் செய்தி எழுதவேண்டும். அதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். எந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் நுண்துணுக்குகள்) ஏற்றுவார்கள்? அதே வகைக் குருதிதான் வேண்டுமா? இன்று கொடுக்கும் குருதி அந்த நோயாளிக்கே போகுமா? வீட்டுக்காரர் ரிப்போட்டில் எந்த வரியைப் பார்க்கவேண்டும்? பப்பாசி இலைச் சாறு பற்றியும் ஒவ்வொரு முறையும் யாராவது எழுதுகிறார்கள், அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

காய்ச்சல்_வாட்டு:

முதல் கேள்விக்கே முதலில் வருகிறேன். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுவதில்லை. 34,000 கிடக்கட்டும், 15,000 ஆக இருந்தாலும் இரத்தப்போக்கு இல்லாமல் ஆள் தெளிவாக இருந்தால் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். கட்டுப்படாத இரத்தப்போக்கு இருந்தால், அல்லது தள்ளிப்போட முடியாத சத்திரசிகிச்சையோ பிரசவமோ குறுக்கே வந்தால்தான் அந்தப் பேச்சு எழும்.

டெங்குக் கிருமி என்புமச்சையில் பிளேட்லெட் உற்பத்தியைச் சில நாட்களுக்கு மட்டுப்படுத்திவிடுகிறது. ஏற்கெனவே இரத்தத்தில் ஓடுபவையும் உடலின் எதிர்ப்பு வினையில் அழிகின்றன. இந்த நிலையில் வெளியிலிருந்து ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் வார்க்கிற தண்ணீர்தான், சில மணித்தியாலங்களில் எண்ணிக்கை பழைய இடத்துக்கு வந்துவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதை நேரடியாகச் சோதித்து 2017இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். 20,000 அல்லது அதற்குக் கீழே எண்ணிக்கை இருந்த வளர்ந்தோரில், முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் இரத்தப்போக்குக் குறையவில்லை. ஏற்றியவர்களுக்குப் பக்கவிளைவுகள்தான் கூடின.

உங்கள் செய்தியில் எது இருக்கிறதோ இல்லையோ, இது இருக்கவேண்டும்: டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல, பிளாஸ்மாக் கசிவு. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் வழிந்துவிடுகிறது. செங்குழியங்கள் உள்ளேயே நிற்பதால் எஞ்சிய குருதி தடிக்கிறது. அதைத்தான் ஹீமட்டோகிரிட், அதாவது குருதியில் செங்குழியங்களின் பங்கு எத்தனை சதவீதம் என்ற அளவு, காட்டும். ரிப்போட்டில் எச்.சி.டி. அல்லது பி.சி.வி. என்று இருக்கும். பிளேட்லெட் 1,00,000க்குக் கீழே இறங்குவது "கசிவு தொடங்கும் நேரம் நெருங்குகிறது" என்ற மணியோசை. அவ்வளவுதான் அதன் வேலை.

கசிவு தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சலின் 4ஆம், 5ஆம் நாளில், சிலருக்கு 3ஆம் நாளிலேயே. அது 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். காய்ச்சல் இறங்குகிற நேரமும் அதுவே என்பதால்தான் வீட்டுக்காரர் ஏமாந்துபோகிறார்கள். "காய்ச்சல் விட்டுட்டுது, இனிப் பயமில்லை" என்று கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்துவிடுகிறார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் ஆள் சோர்ந்து கிடந்தால், வயிறு விடாமல் வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், கைகால் குளிர்ந்தால், 6 மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், பல்முரசு, மூக்கு, மலம், மாதவிடாய் எதிலாவது வழக்கத்துக்கு மாறாக இரத்தம் கண்டால் அடுத்த ரிப்போட்டுக்குக் காத்திருக்கக்கூடாது. பிரஷர் 110/90 என்று வந்தால் மேல் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையவேண்டாம். இரண்டுக்கும் இடையில் 20தான் இருக்கிறது, அது உறுப்புகளுக்குக் குருதி போதாமல் போகும் அதிர்ச்சி நிலையின் அடையாளம்.

வாட்டில் சேர்ந்த பிறகு நீர்க்கணக்குத்தான் முக்கிய மருந்து. கசிவுக் காலம் முழுவதற்கும், 50 கிலோவோ அதற்கு மேலோ நிறையுள்ள வளர்ந்தவருக்கு 4,600 மில்லிலீற்றர் என்று கணக்கு வைத்திருப்பார்கள். சேலைனும் வாயால் குடிப்பதும் சேர்ந்ததுதான் அந்த அளவு. பார்க்க வருகிறவர்கள் தாதியிடம் சொல்லாமல் இரண்டு செவ்விளநீர் பருக்கிவிட்டுப் போனால் அந்தக் கணக்கே பிழைத்துவிடும். கசிந்த நீர் கசிவு நின்றதும் தானாகவே குருதிக்குள் திரும்பி வரும். அந்த நேரத்தில் மிகையாகக் குடித்ததும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கொடுக்கும் ஒவ்வொரு கோப்பையையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். சிறுநீரையும் அளக்கவேண்டும். 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 25 முதல் 50 மில்லிலீற்றர் வரை போவது சரி. அதற்கு மேல் தாராளமாகப் போனால் நீர் கூடுதலாகக் கொடுபடுகிறது என்று பொருள்.

வீட்டில் இருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,500 மில்லிலீற்றர். வெறும் தண்ணீராக வேண்டாம். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்), கஞ்சித் தண்ணீர், இளநீர், பழச்சாறு என்று உப்பும் சீனியும் சேர்ந்ததாக இருக்கட்டும். சிவப்பு, கபில நிறப் பானம் கொடுக்காதீர்கள், வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும். பனடோல் (பரசிட்டமோல்) மட்டும்: வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு 8க்கு மேல் இல்லை. மெலிந்தவருக்கு அதிலும் குறைவு. குழந்தைக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. காய்ச்சல் இறங்கவில்லை என்று இடையில் இன்னொன்று கொடுத்தால் ஈரல்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும், டெங்கு ஏற்கெனவே அதில் கைவைத்திருக்கும். இபுபுரொபென், மெபனமிக் அசிட், டைக்ளோபெனக், அஸ்பிரின் எதுவும் கூடாது. டைக்ளோபெனக் குளிசையாக மட்டும் வருவதில்லை, குழந்தைகளுக்கு ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவும் வருகிறது என்பதைத் தனியாக எழுதுங்கள். இதயத்துக்காக ஏற்கெனவே அஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தாமல் டொக்டரிடம் கேட்கவேண்டும்.

பப்பாசி இலைச் சாறு எண்ணிக்கையைச் சற்று உயர்த்துவதாகச் சிறிய ஆய்வுகள் சில உண்டு. கசிவைத் தடுப்பதாகவோ உயிரைக் காப்பதாகவோ நிறுவப்படவில்லை. என் கவலை வேறு. அந்தக் கசப்பில் வாந்தி எடுத்தால், அது அபாயக் குறியா சாற்றின் வேலையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆய்வுகூட_மேசை:

ரிப்போட் பக்கத்தை நான் எழுதுகிறேன். காய்ச்சல் தொடங்கியதிலிருந்து முதல் 24 மணித்தியாலம்தான் முதலாம் நாள். 3ஆம் நாளில் எப்.பி.சி. (முழுக் குருதிக்கல எண்ணிக்கைப் பரிசோதனை) எடுங்கோ, பிறகு நாள்தோறும். ஒரே ஆய்வுகூடத்தில் எடுத்தால் நல்லது. இயந்திரத்துக்கு இயந்திரம் எண் கொஞ்சம் மாறும், அதை நோயின் மாற்றமாக எடுத்துவிடக்கூடாது.

பிழை அதிகம் நடக்கிற இடம் ஹீமட்டோகிரிட் கணக்கு. 20 சதவீதம் ஏறினால் கசிவு என்று சொல்வார்கள். 40இலிருந்து 60 ஆவது அல்ல அது. 40இல் ஐந்தில் ஒரு பங்கு 8, ஆகவே 48தான் அந்த எல்லை. அதுவும் முழுதாக 20 வரும் வரை யாரும் காத்திருப்பதில்லை, ஏறத் தொடங்கினாலே கண் வைக்கவேண்டும். இன்னொன்று, இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு வழக்கமான அளவே 32 ஆக இருக்கலாம். அவருக்கு 38 வந்தால் ரிப்போட்டில் "சாதாரணம்" என்றுதான் அச்சடித்திருக்கும், நட்சத்திரக் குறிகூட விழாது. உண்மையில் அது 19 சதவீத ஏற்றம். அதனால் பழைய எப்.பி.சி. எதுவாக இருந்தாலும், போன வருடத்தது என்றாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு போங்கோ. தொலைபேசியில் படமாக இருந்தால் போதும்.

ஹீமட்டோகிரிட் இறங்கினால் நல்லது என்றும் முடிவு கட்டக்கூடாது. ஆள் தெளிந்து, பசி எடுத்து, சிறுநீர் நன்றாகப் போகும்போது இறங்கினால் அது தேறுதல். ஆள் மோசமாகும்போது இறங்கினால் உள்ளே எங்கேயோ இரத்தம் போகிறது. அப்போது வேண்டியது பிளேட்லெட் அல்ல, முழுக்குருதி அல்லது செங்குழியம்.

பிளேட்லெட் எண் திடீரென்று அடிமட்டத்துக்குப் போனால் குழாயையும் சந்தேகியுங்கோ. ஊதா மூடிக் குழாயில் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உப்பு இருக்கிறது. இரத்தம் எடுத்ததும் 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் சின்னச் சின்ன உறைவு விழும். அந்த உறைவுக்குள் சிக்கிய பிளேட்லெட்டை இயந்திரம் எண்ணாது. சிலருடைய இரத்தத்தில் அந்த உப்பே பிளேட்லெட்டைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைக்கும். கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உடனே தெரியும். நேர்மாறாக, செங்குழியங்கள் மிகச் சிறியதாக உள்ளவரில் இயந்திரம் அவற்றையும் பிளேட்லெட் என்று எண்ணிக் கூடுதலாகக் காட்டும்.

காலை 24,000, மாலை 19,000 என்று குடும்பம் அழுகிற இடம் ஒன்று உண்டு. அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் அந்த வேறுபாடு இயந்திரத்தின் தளம்பலுக்குள்ளேயே அடங்கிவிடும். வெண்குழியம் முதலில் இறங்கும், அதன் பிறகு பிளேட்லெட். தேறும்போதும் பிளேட்லெட் கடைசியாகத்தான் ஏறும். டெங்குக் கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும். அது நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று ஆகாது.

இரத்தவங்கி_இரவுப்பணி:

கொடையாளர் பக்கம். ஒருவர் கொடுக்கும் சுமார் 450 மில்லிலீற்றர் குருதியைச் சுழற்றிப் பிரித்துச் செங்குழியம், பிளாஸ்மா, பிளேட்லெட் என்று தனித்தனிப் பைகளாக்குகிறோம். செங்குழியம் 2 முதல் 6 பாகை குளிரில் 35 நாள் இருக்கும், ஊட்டக் கரைசல் சேர்த்தால் 42 நாள். உறைய வைத்த பிளாஸ்மா ஒரு வருடம். பிளேட்லெட்டுக்குக் குளிர் ஆகாது. 20 முதல் 24 பாகையில், ஓயாமல் ஆடும் தட்டில் வைத்தும் 5 நாள்தான். அந்த வெப்பநிலையில் பக்டீரியாவும் வளரும் என்பதால் அதற்கு மேல் வைக்க வழியில்லை.

ஒரு பை பிளேட்லெட் வளர்ந்த ஒருவரின் எண்ணிக்கையை 5,000 முதல் 10,000 வரை உயர்த்தலாம். டெங்குவில் அதுகூடக் கிடைக்காது. ஒரு தடவைக்கு 4 முதல் 6 பை வேண்டும், ஏறத்தாழ 250 முதல் 300 மில்லிலீற்றர். மேலே சொன்ன நீர்க்கணக்கில் அதுவும் சேருகிறது. இயந்திரத்தின் வழியே ஒரே கொடையாளரிடம் பிளேட்லெட்டை மட்டும் எடுத்து, செங்குழியத்தை அவருக்கே திருப்பி ஏற்றுகிற முறையும் உண்டு. ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் கதிரையில் இருக்கவேண்டும், நல்ல நரம்பு வேண்டும், அண்மையில் அஸ்பிரின் எடுத்திருக்கக்கூடாது.

வகை பொருந்துவது விரும்பத்தக்கது, ஆனால் செங்குழியத்தைப் போலக் கண்டிப்பில்லை. பிளேட்லெட் பையில் மிகச் சொற்பச் செங்குழியமே இருக்கும். ஆர்.எச். நெகட்டிவ் (குருதி வகையின் பெயரில் நெகட்டிவ் என்று வரும்) பெண்பிள்ளைகளுக்கும் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் மட்டும் பொசிட்டிவ், நெகட்டிவ் பொருத்தத்தைக் கவனமாகப் பார்ப்போம்.

இன்று கொடுத்தது இன்றே அவருக்குப் போகுமா? பெரும்பாலும் போகாது. எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்காமல் எந்தப் பையும் வெளியே போவதில்லை. அவசரத்தில் கைகொடுப்பது நேற்றும் முந்தாநாளும் யாரோ கொடுத்து வைத்த பைதான். இலங்கையில் "நீ ஆள் கொண்டுவந்தால்தான் குருதி" என்ற பதிலீட்டு முறையும் இப்போது கிடையாது. 2014இலிருந்து முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடைதான். நோயாளிக்குத் தேவையென்றால் வாட்டே இரத்த வங்கியிடம் கேட்கும், குடும்பம் தெருத்தெருவாக ஆள் தேடவேண்டியதில்லை.

உங்கள் குழுமம் செய்யக்கூடிய பெரிய உதவி, எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பாமல் இருப்பது. வெசாக் காலத்தில் முகாம்கள் நிறைந்து வழியும், அந்தப் பிளேட்லெட் எல்லாம் ஒரே நேரத்தில் காலாவதியாகும். ஆட்களைக் கிழமைவாரியாகப் பிரித்து நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்துக்கு அனுப்பினால் தட்டு எப்போதும் வெறுமையாகாது. வயது 18 முதல் 60, நிறை 50 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்கு மேல், முந்தைய கொடையிலிருந்து 4 மாதம், கையில் அடையாள அட்டை. சாப்பிட்டு, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு வந்து தலைசுற்றுபவர்கள்தான் அதிகம்.

கொட்டாஞ்சேனை_குருதிக்கொடை:

மூவருக்கும் மிக்க நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

"டெங்குவுக்குப் பிளேட்லெட் கேட்டு ஆள் தேடாதீர்கள், தேவையென்றால் வாட்டே இரத்த வங்கியிடம் கேட்கும். 3ஆம் நாளிலிருந்து நாள்தோறும் எப்.பி.சி. பிளேட்லெட் 1,00,000க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேருங்கள். ஹீமட்டோகிரிட் 20 கூடினால் ஆபத்து. பனடோல் தவிர வேறு வலிமருந்து வேண்டாம். காய்ச்சல் விட்ட பின்னும் இரண்டு நாள் விழிப்பாக இருங்கள். குடித்ததையும் சிறுநீரையும் எழுதிவையுங்கள். கொடையாளர்கள் தங்கள் கிழமைக்குரிய நாளில் நாரஹேன்பிட்டிக்குச் செல்லவும்."

காய்ச்சல்_வாட்டு:

இரண்டு திருத்தம். "20 கூடினால்" என்பதை "வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கு கூடினால்" என்று மாற்றி, 40 என்றால் 48 என்ற உதாரணத்தையும் போடுங்கள். மேலே ஆய்வுகூடக்காரர் சொன்ன அதே குழப்பம் இதிலும் வரும். மற்றது, "1,00,000க்குக் கீழே போனால்" என்ற வரிக்குப் பின்னால் இதைச் சேருங்கள்: "கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், மிகப் பருமனானவர்கள், நீரிழிவு போன்ற நீண்டகால நோய் உள்ளவர்கள் அந்த எண்ணிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டாம். அபாயக் குறி தெரிந்தால் யாராக இருந்தாலும் எண்ணிக்கை எவ்வளவு என்று பார்க்காமல் போகவேண்டும்." அபாயக் குறிகளையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இரவு 2 மணிக்கு வீட்டில் விழித்திருப்பவர் தேடப்போவது அந்த வரியைத்தான்.