ஒன்றுக்கு இரண்டு: பொய்யா, இல்லையா?

கணக்குப்பிள்ளை:
"எண்கள் பொய் சொல்லாது, புரியாதவர்கள்தான் புலம்புவார்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எரிச்சலாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது: மூன்றாம் தலைமுறை, அதாவது அப்போதைய புது வகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்கு, அதாவது 100 சதவீதம் அதிகம். பயந்துபோய்ப் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். விஷயம் என்ன? பழைய மாத்திரையில் 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது, புதியதில் இருவருக்கு. அவ்வளவுதான். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடின என்று மதிப்பிடுகிறார்கள். இப்போது சொல்லுங்கள்.

நேர்கோடு:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். ஒன்றுக்கு இரண்டு, இரண்டு மடங்குதானே? பொய் எங்கே?

கணக்குப்பிள்ளை:
7,000ஐ விழுங்கிவிட்டார்களே, அங்கே.

நேர்கோடு:
விழுங்கியது மனிதர்கள், எண் இல்லை. கேட்டதற்குப் பதில்: இரண்டு மடங்கா, இல்லையா?

மழைத்துளி:
7,000 பேரில் 6,998 பேருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் நிறுத்தியிருப்பார்கள்? இதில் கொடுமை, கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

பழையபேப்பர்:
குறுக்கே வருகிறேன். "சதவீதம்" என்று ஏன் எழுதுகிறீர்கள்? விழுக்காடு என்று நல்ல தமிழ் இருக்கிறதே.

கணக்குப்பிள்ளை:
ஐயா, வீடு பற்றி எரியும்போது வாசலில் கோலம் சரியில்லை என்கிறீர்கள். நேர்கோடுக்கு வருகிறேன். போன மாதம் சராசரியும் இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) ஒன்றுதான் என்று மூன்று நாள் மல்லுக்கட்டியவர் நீங்கள், நான் மறக்கவில்லை. சரி, இன்னொன்று தருகிறேன். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு அட்டை அனுப்பிய லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் அட்டைகள் வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார். அட்டைகளைச் சரியாகத்தான் எண்ணினார்கள். ஆனால் முகவரி எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும். வறுமைக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருக்கும்? போதாததற்கு, அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் ஒரு சிறு பங்குதான். எண்ணிக்கை பெரிதாக இருந்ததால் பலர் நம்பினார்கள்.

நேர்கோடு:
மாத்திரையிலிருந்து தேர்தலுக்குத் தாவியாயிற்று. மாட்டிக்கொண்டால் உங்களுக்கு எப்போதும் இதே வழி. இடைநிலை விஷயத்தில் நான் சொன்னது வேறு, திரித்தது நீங்கள். ஒன்றுக்கு இரண்டு, இரண்டு மடங்கா?

மழைத்துளி:
"ஆமாம், ஆனால்" என்றால் ஏற்றுக்கொள்வீர்களா?

நேர்கோடு:
"ஆனால்" வேண்டாம்.

பழையபேப்பர்:
கோலத்தைக் கிண்டல் செய்தவர் இன்னும் விழுக்காடுக்குப் பதில் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டு மடங்குதான் ஐயா, யார் இல்லை என்றது? எத்தனைக்கு இரண்டு மடங்கு என்று சொல்லாத வாய் பொய் வாய்தான். 100 சதவீதம்! பழையபேப்பருக்காக இன்னொரு தடவை: சதவீதம்!

நேர்கோடு:
"இரண்டு மடங்குதான்." எழுதி வைத்துக்கொண்டேன். அப்போ எண் பொய் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
பாதி வரியை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறீர்கள் பாருங்கள், அந்தக் குழு செய்ததும் இதைத்தான். ராத்திரி வந்து விரிவாக எழுதுகிறேன்.

நேர்கோடு:
விரிவாக வேண்டாம். ஆமாம், இல்லை போதும்.