மழைக்காட்டில் ஏன் பெரிய மந்தைகள் இல்லை? விளக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிள்ளைகளுக்கு உணவுச் சங்கிலி நடத்துகிறேன். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழ 10 சதவீத ஆற்றல்தான் போய்ச் சேரும். புல்லில் 10,000 கலோரி என்றால் வரிக்குதிரைக்கு 1,000, சிங்கத்துக்கு 100. இது சட்டென்று புரிந்துவிட்டது.

அப்புறம் ஒரு சிறுமி எழுந்தாள். "மழைக்காட்டில்தானே விளைச்சல் அதிகம்? பிறகு ஏன் பெரிய மந்தைகள் ஆப்பிரிக்க சவன்னாப் புல்வெளியில் இருக்கின்றன?"

எவ்வளவு நல்ல கேள்வி! காட்டில் கணிசமான பங்கு மரக்கட்டையாகிவிடுகிறது, இலைகளோ 30 மீட்டர் உயரத்தில். புல் வாய்க்கு எட்டும், மேய்ந்தாலும் அடியிலிருந்து மறுபடி வளரும் என்றேன். அவள் முகத்தில் இன்னும் தெளிவில்லை.

இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள எளிய செய்முறையோ படமோ தெரிந்தால் சொல்லுங்கள். தூந்திரம் (மரங்களற்ற குளிர்ப் பகுதி), பாலைவனம் இரண்டையும் அதில் சேர்க்க முடிந்தால் மிகவும் நல்லது. அடுத்த வகுப்பு திங்கட்கிழமை.