புதுப்பிப்பு: கால் டேங்க் காட்டியும் நின்றுபோன கார், காரணம் கிடைத்தது

முள் கால் டேங்க் காட்டும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் போய்விட்டது என்றே பலரும் சொன்னீர்கள். நல்லவேளை, புது பம்ப் வாங்குவதற்கு முன் டேங்கைத் திறந்து பார்த்தேன். பம்ப் நன்றாகவே இருக்கிறது.

என் காரின் டேங்க் சேணம் போல நடுவில் மேடாகி இரண்டு பள்ளங்களாகப் பிரிகிறது. பம்ப் வலப்பக்கம் மட்டும்தான். இடப்பக்கத்துப் பெட்ரோலை ஒரு சிறிய ஜெட் பம்ப் இழுத்து வலப்பக்கம் சேர்க்க வேண்டும். அதன் ஹோஸ் டேங்குக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தது! வலப்பக்கம் காலி, இடப்பக்கம் நிறைய மிச்சம். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பெட்ரோல் அளவு சென்சார்களையும் கூட்டித்தான் முள் காட்டுகிறது. அது பொய் சொல்லவே இல்லை.

சென்சார்களையும் விடவில்லை. பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைக் கையை மெதுவாக உயர்த்தி மல்டிமீட்டரில் பார்த்தேன். இடது சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் சீராக மாறியது. வலதில் நடுவே அறுந்து அறுந்து வந்தது, உள்ளே மிதவைக் கை உரசும் தடம் தேய்ந்திருக்கிறது. ஹோஸையும் அந்த சென்சாரையும் மாற்றிவிட்டேன். டேங்கில் பம்ப் இருக்கும் இடத்து மூடியின் ரப்பர் சீலும் புதிது. பழையது ஊதிவிட்டால் திரும்ப உட்காராது.

செய்யப் போகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். வேலை திறந்த வெளியில்தான். அந்த மூடியின் பூட்டு வளையத்தை இரும்புச் சுத்தியலால் தட்டவே வேண்டாம், ஒரு பொறி போதும்.

இப்போது முள் ரிசர்வுக்கு இறங்கும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டேன், வண்டி நிற்கவில்லை.