கேதாரத்தில் கைச்சூடு தந்த மயில் டப்பா

குளிர்ப் பிரதேச யாத்திரைக்கு, எரிபொருள் ஊற்றிப் பயன்படுத்தும் பழைய கைக்கணப்பை எடுத்துச் செல்லலாமா என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் குடும்பத்துக்கு அதில் நேர் அனுபவம் உண்டு என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதே கருவியையோ இதுபோன்ற வேறொன்றையோ கையாண்டவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்க்க வேண்டுகிறேன்.

2019ஆம் ஆண்டு அப்பச்சிக்கு (எங்கள் தந்தையாருக்கு) வயது 72. ஐப்பசியில் நடை சாத்துவதற்குள் கேதாரநாதரைத் தரிசித்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. நடையைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ எங்களுக்குக் கவலை இருக்கவில்லை. கவலையெல்லாம் அவர்களுடைய விரல்களைப் பற்றித்தான். கொடைக்கானலில் ஒரு மார்கழி விடியலுக்கே அவை சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாதபடி மரத்துப் போயிருக்கின்றன. மருத்துவர் இதற்கு ரேனாட் என்று பெயர் சொல்லி, கைகளைக் குளிர விடாமல் காப்பதுதான் முதல் வைத்தியம் என்றார். கம்பளிக் கையுறை உள்ள சூட்டைக் காக்குமே தவிர, இல்லாத சூட்டை உண்டாக்காது. இரத்தம் ஓடாத விரலில் காப்பதற்கு என்ன சூடு இருக்கும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது நம் பக்கத்தார் அனைவருக்கும் தெரியும். எனாமல் அடுக்குச் சட்டிகளுக்கும் பீங்கான் சாடிகளுக்கும் நடுவே, உள்ளங்கை அளவில், முலாம் பூசிய தட்டையான டப்பா ஒன்று அங்கே கிடந்தது. மூடியில் மயில் உருவத்தில் துளைகள் வெட்டியிருந்தன. கடைக்காரர் அதைப் பொடி டப்பா என்று சொல்லி 600 ரூபாய்க்குக் கொடுத்தார். மூடியைக் கழற்றியபோது பஞ்சு அடைத்த சிறு தொட்டியும், அதன் வாயில் செருகிய உலோகத் தலையும் தெரிந்தன; பொடி டப்பாவுக்கு இவை எதற்கு என்று தேடிப் பார்த்தபோதுதான் அது ஜப்பானின் ஹக்கின் கைரோ என்பது புரிந்தது. கைரோ என்றால் ஜப்பானிய மொழியில் மார்போடு உடைக்குள் வைத்துக்கொள்ளும் கணப்பு என்று பொருள்.

மாதோபா நிஇச்சி என்பவர் 1923இல் உருவாக்கிய கருவி இது. இதில் தீ எரிவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தொட்டியில் ஊற்றிய லைட்டர் திரவம் ஆவியாகி மேலே வருகிறது. தலைப்பகுதியில் உள்ள இழைகளின் மீது படிந்திருக்கும் பிளாட்டினம், அந்த ஆவியைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து, சுடர் இல்லாமலே எரியச் செய்கிறது. பிளாட்டினக் கம்பி இவ்வாறு எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் சுடரின்றிக் கனன்றுகொண்டே இருக்கும் என்பதை 1817இலேயே ஹம்ப்ரி டேவி கண்டிருக்கிறார். பிளாட்டினம் தான் தேய்ந்து போகாமல் வினையை மட்டும் நடத்தித் தருவதால், தலைப்பகுதி பல பருவங்களுக்கு உழைக்கிறது. 25 மில்லி லிட்டர் திரவத்துக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் சூடு கிடைக்கும். நான் கணக்கிட்டுப் பார்த்ததில் அது சுமார் 9 வாட். நம் வீட்டுச் சாமி அறைகளில் முன்பு எரிந்த ஜீரோ வாட் பல்பே 15 வாட் வரை எடுக்கும் என்பதை நினைத்தால் இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சூடு முழுவதும் ஒரு கைப்பிடிக்குள், இடைவிடாமல் கிடைக்கிறது என்பதுதான் விஷயம்.

நான் வாங்கியதில் தலைப்பகுதி வீணாகிப் போயிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் புதியது ஒன்றை வாங்கி அனுப்பினான். துணிப்பை இல்லாததால், ஆத்தா தம்முடைய நைந்த கண்டாங்கிச் சேலையின் முந்தானையை இரண்டாக மடித்து, நாடா கோத்த சுருக்குப்பையாகத் தைத்துக் கொடுத்தார்கள்.

பயணத்தில் முதல் தவறு எங்களுடையது. லைட்டர் திரவப் புட்டியைப் பெட்டிக்குள் வைத்து விமான நிலையத்துக்குக் கொண்டு போய்விட்டோம். சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் புட்டியை எடுத்து வைத்துவிட்டார்கள். அது முற்றிலும் சரி. இந்தத் திரவத்தைக் கைப்பையிலும் கொண்டு போகக் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கொண்டு போகக் கூடாது. ரயிலிலும் எளிதில் தீப்பற்றும் பொருள்களுக்கு இடமில்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று, மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்றில், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்கள் எடுத்து வந்த எரிவாயு உருளையால் தீப்பிடித்து 9 பேர் இறந்துபோனார்கள். நாமும் யாத்திரை போகிறவர்கள். அந்த விதியை வீண் கெடுபிடி என்று எவரும் எண்ண வேண்டாம். டப்பாவை ஒட்ட உலர்த்தி, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு எடுத்துச் செல்லுங்கள். திரவத்தைப் போன இடத்தில் வாங்குங்கள். நாங்கள் ஹரித்துவாரில், சிகரெட் லைட்டர் விற்கும் கடையில் வாங்கினோம்.

கௌரிகுண்டத்திலிருந்து கேதாரம் சுமார் 16 கிலோமீட்டர். அப்பச்சியைக் கோவேறு கழுதையில் ஏற்றினோம். சேணத்தின் இரும்புப் பிடியை விடாமல் பற்றிக்கொண்டே போக வேண்டியிருப்பதால், நடப்பவர்களைவிட அதில் அமர்ந்திருப்பவர்களுக்குத்தான் கை அதிகம் குளிரும். விடியற்காலை புறப்படும்முன் கருவியைப் பற்றவைத்தேன். தலைப்பகுதியின் அருகே தீக்குச்சிச் சுடரைப் பத்து விநாடி பிடித்தால் போதும். பிளாட்டினம் ஒரு முறை சூடேறிவிட்டால் வினை தானாகவே தொடரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால், பற்றிக்கொண்டதா என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். அப்பச்சி தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மயில் துளைகளுக்கு மேலே பிடித்தார்கள். கண்ணாடியில் மெல்லிய ஆவி படர்ந்தது. எரிதலில் பிறக்கும் நீராவி அது. "மூச்சு விடுதப்பா, வேலை செய்யுது" என்றார்கள். அதன்பின் பயணம் முழுவதும் அதுதான் எங்களுடைய சோதனை.

பாதி வழியில் தூறல் பிடித்தது. மழைக்கோட்டை அப்பச்சிக்குக் கழுத்துவரை இறுக்கி மாட்டிவிட்டேன். டப்பா உள்சட்டைப் பையில் இருந்தது. அடுத்த ஒரு மணி நேரம் நான் அதை மறந்தே போனேன். லிஞ்சோலியில் தேநீருக்கு நின்றபோது அவர்கள் குவளையை வாங்கவில்லை. கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். வலக்கையின் மூன்று விரல்கள் நுனியிலிருந்து இரண்டாம் கணுவரை மெழுகைப் போல் வெளுத்திருந்தன. நகத்தை அழுத்தினாலும் நிறம் திரும்பவில்லை. டப்பா சில்லிட்டுக் கிடந்தது. அசைத்துப் பார்த்தபோது திரவத்தின் வாசனை நன்றாகவே வந்தது. எரிபொருள் தீரவில்லை, காற்றுத்தான் தீர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் கோட்டுக்குள் புதுக் காற்று நுழையாமல், வெளியேற வழியில்லாத நீராவி துணிப்பையையும் நனைத்திருந்தது. 3,583 மீட்டர் உயரத்தில் உள்ள கேதாரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்த உயரத்தை நெருங்கும் பாதையில், இருக்கிற கொஞ்சக் காற்றையும் நானே அடைத்து வைத்திருக்கிறேன்.

விரல்களை என் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, டப்பாவை மருமகனிடம் கொடுத்துத் துடைத்து மறுபடி ஏற்றச் சொன்னேன். நிறம் திரும்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பும்போது எரிச்சல் தாங்காமல் அப்பச்சி கண்ணை மூடிக்கொண்டார்கள். அதன்பின் மழைக்கோட்டின் மேல் பித்தான் இரண்டையும் திறந்துவிட்டு, டப்பாவைக் கம்பளிச் சட்டையின் வெளிப்பையில் வைத்தோம். அவர்கள் கைகளை மாற்றி மாற்றி உள்ளே விட்டுக்கொண்டார்கள். கோயில் வாசல்வரை அது அணையவில்லை.

இரவு கூடாரத்தில் தங்கினோம். டப்பாவை வைத்துக்கொண்டே உறங்குகிறேன் என்று அப்பச்சி கேட்டபோது நான் சம்மதிக்கவில்லை. மூடிய சிறிய இடத்தில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் எந்தப் பொருளும் உறங்குகிறவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. தலைப்பகுதியைக் கழற்றிவிட்டால் வினை நின்றுவிடும். அதைக் கூடாரத்துக்கு வெளியே நின்று செய்ய வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்ததும், எங்கள் ஆத்தாவுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. தை மாதம் காசிக்குப் போயிருந்தோம். நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் கோயிலுக்குப் பூசைப் பொருள்களை எடுத்துச் செல்லும் சம்போ ஊர்வலத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்று ஆத்தாவுக்கு விருப்பம். கங்கைக் கரையில் அந்தப் பருவத்து மூடுபனி எதிரே வருகிறவரைக்கூட மறைத்துவிடும். என் தம்பி வாங்கி வைத்திருந்த லைட்டர் திரவக் கணப்பு ஒன்று எங்களிடம் இருந்தது. வெளியே நடந்தபோதும் படகில் சென்றபோதும் அது மிகவும் உதவியது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

தங்கியிருந்த அறைக்குத் திரும்பியபின், இடுப்பு வலிக்கு இதமாக இருக்கிறது என்று ஆத்தா அதைப் புடவைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டு படுத்துவிட்டார்கள். ஆத்தாவுக்கு 20 ஆண்டாகச் சர்க்கரை நோய். காலிலும் இடுப்புக்குக் கீழும் உணர்ச்சி குறைவு. காலையில் பார்த்தபோது டப்பாவின் அளவுக்கே நீள்சதுரமாகச் சிவந்து, நடுவில் கொப்புளம் எழும்பியிருந்தது. இரவெல்லாம் அவர்களுக்கு வலியே தெரியவில்லை. 44 டிகிரி செல்சியஸ் சூடுகூட ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துவிடும் என்று ஊர் திரும்பியதும் மருத்துவர் விளக்கினார். கையால் தொடும்போது இதமாகத் தோன்றும் சூடு அது. புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு இதைக் கொடுக்கிறவர்கள், வெளியே இருக்கும் நேரத்துக்கு மட்டும் கொடுத்து, உள்ளே வந்ததும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லலிலிருந்து, ஓய்வு பெற்ற படைவீரர்:

ஐயா, நான் லடாக்கில் இரண்டு குளிர்காலம் பணியில் இருந்தவன். எங்களில் சிலரிடம் இருந்தது வேறு வகை. சுருட்டைப் போல் அழுத்திச் செய்த கரிக்குச்சியை ஒரு முனையில் பற்றவைத்து, உள்ளே பஞ்சு போன்ற கண்ணாடி இழை பதித்த தகரப் பெட்டியில் வைத்து மூடிவிட வேண்டும். இரண்டு முனையிலும் பற்றவைத்தால் சூடு கூடும், நேரம் பாதியாகக் குறையும். திரவம் சிந்தும் தொல்லை இல்லை. ஆனால் சாம்பலைத் தட்ட வேண்டும், குச்சி ஈரம் பட்டால் பற்றாது, பாதியில் நிறுத்தி மிச்சம் பிடிப்பதும் கடினம்.

கரி மெதுவாகக் கனலும்போது கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. திறந்த வெளியில் சட்டைப்பையில் இருக்கும் ஒரு குச்சியால் ஆபத்து நேர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கதவடைத்த அறையில் கரிக்கணப்பு மூட்டிப் படுத்த இருவரை, விடியலில் தலைவலியும் வாந்தியுமாக வெளியே இழுத்துப் போட்டிருக்கிறோம். எழுப்பப் போனவர் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அதனால் உறங்கும்போது வேண்டாம் என்று ஐயா சொன்னது, கரி வகைக்கு இன்னும் பல மடங்கு பொருந்தும்.

காஷ்மீரத்தில் காங்கிரி என்ற, பிரம்புக் கூடைக்குள் வைத்த மண் கணப்பை ஃபெரன் என்ற தளர்ந்த அங்கிக்குள் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்குச் சுமை தூக்கிய பெரியவர் ஒருவரின் தொடையில் வலை பின்னியது போல் கருஞ்சிவப்புத் தழும்பைப் பார்த்தேன். பல்லாண்டு ஒரே இடத்தில் சூடு படுவதால் வருவது. சிலருக்கு அந்த இடத்தில் தோல் புற்றுநோயே வருகிறது. 1866இலேயே மருத்துவர்கள் எழுதி வைத்த நோய் அது. யாத்திரைக்கு நான்கு நாள் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை. ஆயினும் மணிக்கொரு முறை இடம் மாற்றி வைப்பது நல்ல பழக்கம்.

மீண்டும் காரைக்குடியிலிருந்து:

தேவகோட்டை ஆச்சி எழுதியதை அப்பச்சியிடம் படித்துக் காட்டினேன். ஆத்தாவின் புண் நன்றாக ஆறிவிட்டதா என்று விசாரிக்கச் சொன்னார்கள். படைவீரர் ஐயாவுக்கும் எங்கள் நன்றி.

வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலை இதில் பயன்படுத்தலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. அதில் கலந்துள்ள பொருள்கள் பிளாட்டினத்தின் மீது படிந்து தலைப்பகுதியைக் கெடுத்துவிடும், நாற்றமும் தாங்காது. மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது. சுத்திகரித்த லைட்டர் திரவம் மட்டுமே ஏற்றது. ஊற்றும்போது தலைப்பகுதியைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, பஞ்சு உறிஞ்சும் அளவுக்கு ஊற்றி, விளிம்பில் வழிந்ததைத் துடைத்து, புட்டியை மூடித் தூரமாக வைத்த பிறகே தீக்குச்சியை எடுக்க வேண்டும். இந்த வரிசையை ஒருபோதும் மாற்ற வேண்டாம்.

துணிப்பையின் அளவைக் கேட்டவருக்கு: ஐந்து அங்குல உயரம், மூன்றரை அங்குல அகலம், வாயில் நாடா. இரட்டைத் துணியாக இருக்கட்டும். கண்டாங்கியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எந்தப் பழைய பருத்தியும் போதும். நைலான், பாலியஸ்டர் இரண்டும் வேண்டாம். வாயை இறுக்கிக் கட்டாமல், ஒரு விரல் நுழையும் இடைவெளி விடச் சொல்லி ஆத்தா சொல்கிறார்கள்.