‘இண்டிஜினைசேஷன்’: உள்நாட்டார்மயமாக்கம்?

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

பொருளியல் சொற்பட்டியலில் ‘இண்டிஜினைசேஷன்’ (தொழில்களின் உடைமையைச் சட்டத்தின்வழி உள்நாட்டார் கைக்கு மாற்றுதல்) என்பதற்குச் ‘சுதேசிமயமாக்கம்’, ‘மண்ணினமயமாக்கம்’ என வந்துள்ள இரு பரிந்துரைகளையும் ஏற்கத் தயங்குகிறேன்.

இச்சொல் சட்டத்தில் எதைக் குறித்தது என்பதை முதலில் பார்ப்போம். நைஜீரிய அரசு 1972-இல் பிறப்பித்த ஆணை, 22 வகைத் தொழில்களை நைஜீரியர்க்கே உரியவையென ஒதுக்கியதோடு, வேறு 33 தொழில்களில் பெரிய அயல்நாட்டு நிறுவனங்கள் 40 விழுக்காட்டுப் பங்கையேனும் அவர்களிடம் விட வேண்டும் என்றது. 1977-இல் வந்த ஆணை எல்லாத் தொழில்களையும் நைஜீரியர் பங்கு 100, 60, 40 விழுக்காடு என மூன்று படிகளில் அடக்கியது. ஆக, புதிய நிறுவனங்களை உருவாக்குவதைவிட, இருந்தவற்றைக் கைமாற்றுவதே இவ்வாணைகளின் முதல் வேலை. அந்தக் கைமாற்றமும் பல இடங்களில் காகிதத்தோடு நின்றது. அயல்நாட்டார் தொழிலைத் தொடர்ந்து நடத்த, பங்குப் பதிவேட்டில் மட்டும் நைஜீரியர் பெயர் ஏறியது. (இதற்குப் ‘பினாமி’ நம்மிடம் ஏற்கெனவே உண்டு, புதுச்சொல் தேட வேண்டியதில்லை.)

‘சுதேசி’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, 1906-இல் வ.உ.சி. பங்கு திரட்டித் தொடங்கிய கப்பல் நிறுவனம். அது ஆட்சியின் எதிர்ப்பை மீறி எழுந்தது; நைஜீரிய மாற்றமோ ஆட்சியே ஆணையிட்டு நடத்தியது. அவ்வளவு வரலாற்றுச் சுமையுள்ள சொல்லை இதன்மேல் ஏற்றுவது பொருந்தாது. ‘மண்ணினம்’ இன்னும் சிக்கலானது. 2008-இல் நடைமுறைக்கு வந்து, 51 விழுக்காட்டுப் பங்கை இலக்காக வைத்த சிம்பாப்வேச் சட்டம், நாடு விடுதலை பெற்ற 1980 ஏப்ரல் 18-க்கு முன் இன அடிப்படையில் பாகுபாட்டுக்கு ஆளானோரையும் அவர்தம் வழியினரையுமே ‘இண்டிஜினஸ்’ என வரையறுத்தது. அங்கே அளவுகோல் அநீதியே. மண்ணோ மரபோ அன்று.

‘உள்நாட்டார் உடைமையாக்கம்’ எனலாம். ஆனால் அது ‘நாட்டுடைமையாக்கம்’ என்று காதில் விழும். அரசு எடுத்துக்கொள்வதும் குடிமக்கள் கைக்குப் போவதும் வெவ்வேறு. ஆகவே ‘தனியார்மயமாக்கம்’ பழகிய வழியிலேயே ‘உள்நாட்டார்மயமாக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். சிம்பாப்வே போன்ற குறுகிய வரையறைகளை விளக்கக் குறிப்பில் சேர்க்கலாம்.

ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: உள்நாட்டு முதலாளிகள் தாமாக வளர்வதை இச்சொல்லுக்குள் திணிக்க வேண்டா. வங்கதேசத்தின் தேஷ் ஆடை நிறுவனம் 1979-இல் 130 பேரைப் பயிற்சிக்காகத் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்துக்கு அனுப்பியது. திரும்பியவர்களுள் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விலகி, வேறு ஆடை நிறுவனங்களைத் தொடங்கினர், அல்லது அவற்றில் சேர்ந்தனர். எவருடைய பங்கும் பறிக்கப்படாமல், கைத்திறன் பரவியதால் மட்டுமே ஒரு தொழில் அங்கே உள்நாட்டார் கையில் பெருகியது. இதற்கு ‘உள்நாட்டுத் தனியார்தொழில் வளர்ச்சி’ எனத் தனிப் பதிவு போதும். நீளம்தான், ஆயினும் குழப்பமில்லை. ‘மயம்’ வேண்டா என்போர் ‘உள்நாட்டார்மயமாக்கம்’ என்பதற்கு மாற்று இருந்தால் அனுப்புக.