அடுப்படி மேடைக்கு என்ன கல்?

(குழு: திருநகர் – மேலூர் வீட்டு மக்கள்)

சனிக்கிழமை

ராசேந்திரன்: இனிய காலை வணக்கம் 🌹

சித்ரா: எல்லோரும் முழித்துவிட்டீர்களா? வியாழக்கிழமை கொத்தனார் அடுப்படியை இடிக்க வருகிறார். மேடைக் கல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 18 அடி நீளம், 2 அடி அகலம். நேற்று ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கடைக்குப் போய் வந்தோம். தலை சுற்றியதுதான் மிச்சம்.

நிவேதா: அம்மா, குவார்ட்ஸ். வெள்ளை. நான் அனுப்பிய படம் பார்த்தாயா?

சித்ரா: பார்த்தேன் நிவி. அதில் அடுப்பையே காணோம். ஒரு பூச்சாடி, இரண்டு எலுமிச்சம்பழம், அவ்வளவுதான்.

முத்துலட்சுமி: 😂 அந்தப் பழத்தை யாரும் பிழிந்திருக்கவும் மாட்டார்கள் மதினி.

ராசேந்திரன்: கறுப்பு கிரானைட் சதுர அடி 190 சொன்னான். 36 சதுர அடிக்கு 6,840. நிவேதா கல் 480. அது 17,280. கணக்கு சொல்லிவிட்டேன்.

பாண்டி: அண்ணே, கல் வெட்டுகிறவன் சொல்கிறேன், அது வெறும் கல் விலை. ஓர மோல்டிங், சிங்க் வெட்டு, கூலி எல்லாம் தனி. ஸ்லாப்பில் மிஞ்சும் துண்டுக்கும் காசு வாங்கிவிடுவார்கள்.

ராசேந்திரன்: 🙏

முத்துலட்சுமி: நிவி, அத்தை சொல்கிறேன் கேள். எங்கள் பிளாட்டில் குவார்ட்ஸ்தான் போட்டோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போன ஆடி மாதம் அப்பளம் பொரித்த கடாயை அவசரத்தில் இறக்கி மேலேயே வைத்துவிட்டேன். காலிங் பெல் அடித்தது, போய் வருவதற்குள் ஐந்து நிமிடம். கடாய் அடி அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம். விரலால் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது, வழுவழு என்றுதான் இருக்கும். நிறம் உள்ளே இறங்கிவிட்டது. சோடா மாவு, எலுமிச்சை, எல்லாம் தேய்த்தாயிற்று. இப்போது அதன்மேல் உப்பு ஜாடியை வைத்து மறைத்திருக்கிறேன்.

நிவேதா: ஒரு பிரிமனை வைத்திருந்தால் போச்சு அத்தை!

முத்துலட்சுமி: பெல் அடிக்கிறபோது பிரிமனையைத் தேடச் சொல்கிறாயா?

கார்த்தி: குவார்ட்ஸ் என்றால் முழுக் கல் இல்லை. 90 சதவீதத்துக்கு மேல் அரைத்த குவார்ட்ஸ், மிச்சம் ரெசின் பசை. சுமார் 150 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பசைதான் பழுக்கிறது. பொரிக்கிற எண்ணெயே 180 இருக்கும். இன்னொன்று, இதை வெட்டும்போது பறக்கிற தூசியால் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போகிறது என்று ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடை செய்துவிட்டார்கள்.

பாண்டி: அது உண்மைதான் மாப்பிள்ளை. கிரானைட்டிலும் அந்தத் தூசி உண்டு, ஆனால் குறைவு. நான் தண்ணீர் ஊற்றாமல் பிளேடு போட மாட்டேன். எங்கள் லைனில் பழைய ஆட்கள் நிறையப் பேருக்கு இருமல் நிற்பதில்லை. சரி, அதை விடு.

சித்ரா: கடையில் காஷ்மீர் ஒயிட் என்று ஒன்று காட்டினார்கள் தம்பி. அது அழகாக இருந்தது. அதுவும் கிரானைட்தானே?

பாண்டி: மதினி, அதற்கும் காஷ்மீருக்கும் சம்பந்தமே இல்லை 😀 நம் மேலூர்ப் பக்கத்துக் கல். வெள்ளையில் மிளகாய் விதை தெறித்த மாதிரி சிவப்புப் புள்ளி இருக்கும். பூஜை அறைக்குப் போடுங்கள். அடுப்படிக்கு வேண்டாம், தண்ணீர் குடிக்கும், எண்ணெய் அதைவிட வேகமாகக் குடிக்கும். அம்மன் கோயில் தூணில் கைபட்டுக் கைபட்டுக் கறுத்துக் கிடப்பதைப் பார்த்ததில்லையா?

நிவேதா: எல்லோரும் சேர்ந்து கறுப்புக்கு ஓட்டுப் போடுகிறீர்கள். அடுப்படியே இருட்டாகிவிடும்.

பாண்டி: ஓட்டு வேண்டாம். நாளை நாலு வெட்டுத் துண்டு கொண்டுவருகிறேன். உங்கள் அம்மாவே பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

சித்ரா: தம்பி கறுப்பு, காஷ்மீர் ஒயிட், குவார்ட்ஸ் மூன்றும் கொண்டுவந்தார். பழைய மேடை ஓரத்தில் பெயர்ந்த கடப்பாத் துண்டு நாலாவது. கடைக்காரர் கொடுத்த சாம்பிள் கறுப்பையும் சேர்த்தால் ஐந்து. புளித்தண்ணீரில் மஞ்சள்தூள், நல்லெண்ணெய் கலந்து எல்லாவற்றிலும் ஊற்றி, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பின்வாசல் படியில் இருக்கிறது. யாரும் மிதிக்க வேண்டாம்.

ராசேந்திரன்: காலையில் மிதித்துவிட்டேன். டம்ளர் மட்டும் விழுந்தது.

சித்ரா: 😡

திங்கட்கிழமை

ராசேந்திரன்: இனிய வாரம் அமையட்டும் 🌹

சித்ரா: ரிசல்ட்.

தம்பி கொண்டுவந்த கறுப்பு, ஈரத்துணியால் ஒரு துடைப்பு, சுத்தம்.

குவார்ட்ஸ், லேசாக மஞ்சள் இருந்தது, சோப்புப் போட்டதும் போய்விட்டது. நிவி, இதில் உன் கட்சி பாஸ்.

காஷ்மீர் ஒயிட்டில் டம்ளர் விளிம்பு அப்படியே பதிந்திருக்கிறது. நடுவில் முட்டைக் கரு நிறம்.

கடப்பாவில் கறையே இல்லை. ஆனால் புளி பட்ட இடம் மட்டும் மங்கிப் போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நிலா மாதிரி ஒரு வட்டம் தெரிகிறது. இப்போதுதான் எனக்கு விளங்கியது, நம் மேடையில் அடுப்புக்கு வலப்பக்கம் எவ்வளவு தேய்த்தாலும் பளபளக்காத இடம் ஒன்று உண்டே? அங்கேதான் இத்தனை வருடமும் புளி ஊறப்போடும் கிண்ணம் இருந்தது.

கார்த்தி: கடப்பா சுண்ணாம்புக் கல் அத்தை. புளியின் அமிலம் அதை அரித்துவிடும். மார்பிளும் அப்படித்தான். அது கறை இல்லை, கல்லே கரைந்த இடம். தேய்த்தால் எப்படிப் போகும்?

பாண்டி: மதினி, ஒரு வேலை பாக்கி. வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து இரண்டு கறுப்பையும் தேய்த்துப் பாருங்கள்.

சித்ரா: தேய்த்தேன். உங்கள் கல்லில் ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் சாம்பிளில் துணியெல்லாம் மை!!

பாண்டி: அதைத்தான் எதிர்பார்த்தேன். சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்கிறார்கள். வெயிலும் சோப்பும் பட்டு இரண்டு வருடத்தில் அடுப்பைச் சுற்றி வெளுக்கும்.

ராசேந்திரன்: 190 ரூபாய் என்றபோதே எனக்குச் சந்தேகம்தான்.

சித்ரா: சனிக்கிழமை கணக்குப் போட்டுக் காட்டியது யார்?

புதன்கிழமை

சித்ரா: ஒரு வேடிக்கை. காஷ்மீர் ஒயிட்டை மொட்டை மாடி வெயிலில் போட்டிருந்தேன். மஞ்சள் போயே போய்விட்டது! எண்ணெய் இறங்கிய இடம் மட்டும் ஈரம் மாதிரி அப்படியே இருக்கிறது.

முத்துலட்சுமி: வேட்டியில் மஞ்சள் கறை வெயிலில் போகிற மாதிரிதான். மேடையை மாடிக்குத் தூக்க முடியாதே மதினி. ஆனால் ஒன்று, கறுப்பில் போர் தண்ணீர் உப்புப் படலம் பளிச்சென்று தெரியும். குழாயடியில் தினம் துடைக்க வேண்டும்.

சித்ரா: துடைத்துக்கொள்கிறேன். கறுப்புத்தான். பாண்டி தம்பி பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். நிவிக்காகச் சுவர் டைல்ஸ் வெள்ளை, ஜன்னலை ஓர் அடி அகலமாக்கச் சொல்லியிருக்கிறேன்.

நிவேதா: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டைல்ஸ் நான்தான் தேர்ந்தெடுப்பேன். அதில் பூ, பழக்கூடை எதுவும் வரக் கூடாது.

பாண்டி: கொத்தனாரிடம் சொல்ல வேண்டியது: 20 எம்எம் கல் என்று பில்லில் இருந்தால் போதாது, டேப் வைத்து அளந்து வாங்க வேண்டும், 16 வந்து நிற்கும். ஜாயின்ட் சிங்க்குக்கோ அடுப்புக்கோ நேரே வரக் கூடாது. சிங்க் ஓட்டையின் மூலையை வளைவாக வெட்டச் சொல்லுங்கள், சதுரமாக வெட்டினால் அந்த மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும். முன் ஓரத்துக்கு அடியில் ஒரு காடி (சின்னப் பள்ளக் கோடு) இழுத்துவிட்டால் தண்ணீர் அலமாரிக் கதவில் வடியாமல் அங்கேயே சொட்டிவிடும். கிரைண்டர் வைக்கிற இடத்துக்குக் கீழே தாங்குசுவர் கட்டாயம். அப்புறம் உயரம். பழையது 30 அங்குலம், மதினி குனிந்தே பழகிவிட்டீர்கள். செருப்பில்லாமல் நின்று முழங்கையை மடக்கிப் பாருங்கள், அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை வரட்டும்.

சித்ரா: பார்த்தேன், 34 வருகிறது. நிவியின் பாட்டிக்கு எட்டுமா?

கார்த்தி: அம்மாச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னார்கள், பட்டன் பிடிக்க வரவில்லை. நான் எழுதுகிறேன்: “எனக்கு எட்டாவிட்டால் பரவாயில்லை, இனிமேல் நீங்களே காபி போட்டுக் கொடுங்கள். அந்தக் கடப்பாக் கல்லை மட்டும் உடைத்துக் கொட்டிவிடாதே. கொல்லைக் குழாயடியில் போடு. மீன் கழுவ இந்த வீட்டில் இடமே இல்லை.”

பாண்டி: ஆத்தா சொன்னால் சரி. சிங்க் பக்கத்து 4 அடித் துண்டை முழுசாக எடுத்துவிடலாம். நாளை காலை 8 மணிக்கே தூக்க இரண்டு ஆள் அனுப்புகிறேன்.

சித்ரா: 10 மணிக்கு அனுப்புங்கள் தம்பி. 8 மணிக்கு அதன்மேல் இட்லிச் சட்டி இருக்கும்.