சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு சிவாவா: நடுக்கம், குரைப்பு, அம்மாவின் கைப்பிடிச் சோறு

மல்லிகை (யீஷூன்):
வணக்கம். வெளிநாட்டில் வேலை கிடைத்துச் சென்றுவிட்ட என் சித்தி வளர்த்த ஐந்து வயதுப் பெண் சிவாவா நாய் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. பெயர் மிளகு, எடை இரண்டு கிலோவுக்குச் சற்றே அதிகம். உடம்பு சரியில்லை என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை என்றாலும் மாலை வேளையில் அடிக்கடி நடுங்குகிறது. மின்தூக்கி எங்கள் மாடியில் நிற்கும் ஓசை கேட்டாலே கதவருகே ஓடிக் குரைக்கிறது. எழுபதைக் கடந்த என் அம்மா அதன்மீது உயிரையே வைத்திருப்பதால், தாம் உண்பதில் எல்லாம் ஒரு பிடியை அதற்கும் ஊட்டிவிடுகிறார். அவர் மனம் புண்படாமல் இதை எப்படி மாற்றுவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கதிர் (பீஷான்):
சிவாவா இனத்தைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். உடல் மிகச் சிறியதாக இருப்பதால் அதன் சூடு விரைவில் வெளியேறிவிடும். நம் ஊர் வெப்பத்தில் குளிர் ஏது என்று தோன்றலாம். ஆனால் குளிர்சாதனக் காற்று நேராக இறங்கும் தரையில்தான் இவை பெரும்பாலும் படுத்திருக்கும். படுக்கையைச் சுவரோரம் மாற்றி, உள்ளே புகுந்துகொள்ளும்படி ஒரு கம்பளியைப் போட்டுப் பாருங்கள். அச்சத்தாலும் பரபரப்பாலும்கூட நடுங்கும். பழகிய வீட்டையும் மனிதர்களையும் ஒருசேர இழந்து வந்திருக்கும் நாய்க்கு மாலையில், அதிலும் இடி மின்னலுடன் மழை கொட்டும் நாட்களில், அது இயல்பே.

நடுக்கத்துடன் தள்ளாட்டமும் சோர்வும் உணவு மறுப்பும் சேர்ந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். குட்டிகளுக்கே இது அதிகம் நேரும் என்றாலும், சிறிய உடலுள்ள வளர்ந்த நாய்களும் நெடுநேரம் பட்டினி கிடந்தால் தாங்கமாட்டா. ஈறில் சிறிது தேனைத் தடவிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

வலியும் நடுங்க வைக்கும். மிளகு ஓடும்போது பின்னங்காலில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று எட்டு துள்ளிவிட்டு, பிறகு எதுவும் நடக்காததுபோல் நான்கு கால்களிலும் நடக்கிறதா என்று கவனியுங்கள். முழங்கால் சில்லு இடம் நழுவுவதற்கு அதுவே முதல் அறிகுறி. இந்த இனத்தில் மிகவும் பரவலானது. சோபாவிலிருந்து குதிக்கவிடாமல் ஒரு தாழ்வான படியை வையுங்கள். மூச்சுக்குழாயும் மென்மையானது என்பதால் கழுத்துப்பட்டையில் வாரைக் கட்டி இழுக்காமல், மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னெஸ் வாங்கிவிடுங்கள். சிறிய தாடையில் பற்கள் நெருக்கியடித்து முளைப்பதால் பல்லில் கறை சேர்ந்து ஈறு கெடுவதும் உண்டு. விரலில் துணியைச் சுற்றியாவது தினமும் துலக்கிவிடுங்கள். நாய்களுக்குரிய பற்பசையையே பயன்படுத்த வேண்டும்.

தேன்மொழி (தெம்பனிஸ்):
உணவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இதில்தான் நம் வீடுகளில் அன்பே தீங்காகிவிடுகிறது. இரண்டு கிலோ நாய்க்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவது ஏறத்தாழ 200 கலோரிதான். ஓர் இட்லியே அதில் கால் பங்கை நெருங்கிவிடும். அளவைவிடப் பொருள் இன்னும் முக்கியம்: சாம்பாரிலும் குழம்பிலும் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, சாக்லேட்டும், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி கலந்த சூயிங்கமும் அறவே கூடாது. தீபாவளிப் பலகாரத் தட்டைத் தாழ்வான மேசையில் வைக்காதீர்கள்.

அம்மாவிடம் "கொடுக்காதீர்கள்" என்று சொல்வதைவிட, "இனி மிளகின் சாப்பாடு உங்கள் பொறுப்பு, அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். காலையிலேயே அன்றைய உணவை நிறுத்து ஒரு சிறு டப்பாவில் போட்டு, உப்போ மசாலாவோ சேர்க்காமல் அவித்த கோழித் துண்டுகள் சிலவற்றையும் தனியே வைத்து, அவற்றிலிருந்து மட்டும் நாள் முழுவதும் அவர் கையாலேயே கொடுக்கட்டும். என் மாமியார் இப்படித்தான் மாறினார். இப்போது விருந்தினர் முறுக்கை நீட்டினால் தடுப்பவரே அவர்தான்.

ஹமீதா (உட்லண்ட்ஸ்):
நான் நாய் வளர்ப்பவள் அல்லள். எதிர் வீட்டில் ஒரு சிவாவா இருக்கும் அண்டை வீட்டுக்காரி. நாயின் எச்சிலோ ஈரமோ ஆடையில் பட்டால் தொழுகைக்கு முன் நாங்கள் கழுவித் தூய்மை செய்ய வேண்டும். ஆகவே மின்தூக்கியில் யாரேனும் இருந்தால், ஏறலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அல்லது அடுத்ததில் வாருங்கள். என் எதிர் வீட்டுத் தம்பி நாயைக் கையில் ஏந்தி மூலையில் நிற்பார். அதனாலேயே அது குரைக்கும் நாட்களில் எங்களுக்குக் கோபம் வருவதில்லை. குரைப்பைக் குறைக்க அவர் செய்தது, மின்தூக்கி மணி ஒலித்ததும் நாயைக் கதவிலிருந்து விலக்கி அழைத்து, வந்தால் ஒரு சிறு தின்பண்டம் கொடுத்ததுதான். சில வாரங்களில் அது மணி ஒலித்தாலே அவரிடம் ஓடத் தொடங்கியது.

கதிர் (பீஷான்):
ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட இனங்களில் ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம். சிவாவா அந்தப் பட்டியலில் உள்ளது. ஆனால் உரிமம் இன்னும் உங்கள் சித்தியின் பெயரில் இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் இணையச் சேவை வழியே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக் கட்டணம் 15 வெள்ளி. செய்யாததற்கு 90 வெள்ளி. கொசு வழியே இதயப் புழு பரவும் நாடு இது என்பதால், சித்தி தடுப்பு மருந்து கொடுத்து வந்தாரா என்பதையும் மறவாமல் கேளுங்கள்.

மல்லிகை (யீஷூன்):
அனைவருக்கும் மிக்க நன்றி. கதிர் ஐயா, நீங்கள் சொன்ன அந்தத் துள்ளல் மிளகிடம் இருக்கிறது, இடது பின்னங்கால். கைப்பேசியில் படம் பிடித்துவிட்டேன், சனிக்கிழமை மருத்துவரிடம் காட்டப் போகிறேன். டப்பாவை அம்மா இப்போதே தேர்ந்தெடுத்துவிட்டார்.